விமான நிலைய ஒப்பந்தத் தொழிலாளர் வழங்கல்

விமானத்தில் பொதி ஏற்றி இறக்குதல், சரக்குக் களஞ்சிய வேலை, உட்புறத் துப்புரவு முதலிய தரைப்பணிகளுக்கு ஓர் இடைநிறுவனம் ஆட்களைத் திரட்டி அனுப்பும் முறை. இலங்கையில் 'மேன்பவர்' வேலை என்பர். சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் இன்னொருவர், விமானம் மூன்றாமவருடையது. தொழிலாளியின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்தப் பிளவிலிருந்தே கிளைக்கின்றன.

விமானங்கள் நாள் முழுவதும் சீராக வருவதில்லை. நெரிசல் நேரத்துக்கு மட்டும் ஆள் கூட்ட வேண்டியிருப்பதால் நிறுவனங்கள் ஒப்பந்தக்காரரை நாடுகின்றன. ஆயினும் இது யாரும் வந்து செய்துவிடக்கூடிய வேலையன்று. பெரிய விமானங்களில் ஏறும் எல்டி3 கொள்கலன் ஒன்று 1,588 கிலோ வரை கனக்கும். சிறிய விமானங்களின் தாழ்ந்த பொதியறையில் முழந்தாளிட்டுக் கையாலேயே அடுக்க வேண்டும். எந்த அறையில் எவ்வளவு என்ற கட்டளை தவறினால் விமானத்தின் சமநிலை கெடும். அபாயகரப் பொருட்கள் பற்றிய பயிற்சியை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கனடாவின் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 2017 ஜூலை 27 அன்று சுவிஸ்போர்ட் நிறுவனத்தின் சுமார் 700 தரைப்பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முகவர் வழியாகத் தற்காலிக ஆட்களை எடுத்ததும், அவர்களுக்குப் போதிய பயிற்சியில்லை என்ற தொழிற்சங்கக் குற்றச்சாட்டும் அப்பிணக்கில் முன்னின்றன.

இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்றது. ஏர் இந்தியா துப்புரவுத் தொழிலாளர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட வேலையில் இருப்போரை நிறுவனமே தன் ஊழியராக ஏற்க வேண்டும். 2001இல் அதே நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு இதை மாற்றியது. ஒப்பந்தம் வெறும் போலி என்று நிறுவினால்தான் அந்த உரிமை கிட்டும்.

இலங்கையில், 2019 அக்டோபர் 17 அன்று திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து வருபவை ஏடிஆர் 72 வகைச் சிறு விமானங்கள். ஆகவே தரைப்பணிக்குச் சிலரே போதும். பெருந்தொகையான வேலை கட்டுநாயக்க விமான நிலையத்தில்தான்.

அங்கு முகவரிடம் சேரும் வடபகுதி இளைஞருக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி உரியது: தொழிலாளி 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணிக்கொடையோ ஐந்து வருடத் தொடர் சேவை கேட்கிறது. ஒரே களஞ்சியத்தில் பத்து வருடம் உழைத்தாலும், இடையில் முகவர் மாறி சேவைக்காலம் அறுந்தால் அது கைநழுவும் ஆபத்து உண்டு.