யவனர் தந்த ஓரை

மலையகத்து லயங்களிலே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கமோ நாட்காட்டியோ தொங்குவது வழக்கம். மகளுக்கு மணநாள் குறிக்கவும், பிறந்த பிள்ளைக்கு நட்சத்திரம் அறியவும், மாசியில் காமன் ஊன்றும் நாள் பார்க்கவும் அதனையே நாடுகின்றனர். இந்தப் பஞ்சாங்கத்தை அன்னியக் கலப்பற்ற முன்னோர் செல்வம் என்று போற்றுவோர் ஒரு சாரார். மூடத்தனத்தின் மூட்டை என்று வீசியெறிவோர் மற்றொரு சாரார். இரு சாராருமே அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தவரல்லர்.

பஞ்சாங்கத்தில் 'ஓரை' என்றொரு அட்டவணை உண்டு. காலத்தைக் குறிக்கும் இச்சொல் கிரேக்க மொழியின் 'ஹோரா' என்பதன் திரிபு. சோதிடர் நாவில் புரளும் 'கேந்திரம்' என்ற சொல்லும் கிரேக்கத்துக் 'கென்ட்ரான்' என்பதிலிருந்து வந்ததே. சொற்கள் மட்டுமா வந்தன? நாம் நாள்தோறும் உச்சரிக்கும் கிழமைகளின் வரிசையே அவ்வழி வந்ததுதான்.

திங்களுக்குப் பின் செவ்வாய் வருவானேன்? பூமியை நடுவில் நிறுத்திய பண்டைய கிரேக்க வானியலார் ஏழு கோள்களையும் தொலைவுப்படி அடுக்கினர்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். நாளின் 24 மணிகளையும் இவ்வரிசையிலேயே கோள்களுக்குப் பங்கிட்டனர். முதல் மணிக்குரிய கோளின் பெயரே அந்த நாளுக்குப் பெயராயிற்று. சனியில் தொடங்கி எண்ணினால் 25ஆவது மணி ஞாயிற்றுக்கு வரும். அதுவே மறுநாளின் முதல் மணி. அங்கிருந்து எண்ணினால் திங்கள், பின்னர் செவ்வாய். விரல்விட்டு எண்ணத் தெரிந்த எவரும் இதைச் சரிபார்க்கலாம். இதிலே தெய்வ ரகசியம் யாதுமில்லை. ஒரு கணக்கு இருக்கிறது.

இக்கணக்கு இந்தியாவுக்கு வந்தபோது அதைப் பெற்றுக்கொண்ட அறிஞர் வெட்கப்படவில்லை. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் 'பஞ்சசித்தாந்திகை'யில் ஐந்து வானியல் மரபுகளைத் தொகுத்தார். அவற்றுள் ரோமகம், பௌலிசம் என்ற இரண்டும் மேற்கிலிருந்து வந்தவை என்பது பெயரிலேயே விளங்கும். யவனர் மிலேச்சர் எனினும் இக்கலையில் வல்லவராதலின் முனிவரைப் போல் மதிக்கத்தக்கவர் என்பது அவர் கருத்து. குலம் பார்த்து மனிதரைத் தள்ளிவைத்த சமுதாயத்தில், அறிவின் பொருட்டாவது குலத்தை மறந்த அந்தக் கணத்தை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த வரவு இன்னும் ஆழமாய் வேரூன்றியது. சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வந்து, மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27½ நாள் ஆகிறது. இத்தகைய 9 சுற்றுக்கள் 248 நாள் என்று பாபிலோனியர் கண்டனர். அதே 248, எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பைரஸ் சுவடியில் இருக்கிறது, பஞ்சசித்தாந்திகையில் இருக்கிறது, தென்னாட்டில் வழங்கிய 248 சந்திர வாக்கியங்களிலும் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் எழுத்துக்களுக்குள் எண்களை ஒளித்துவைத்த சிறு சொற்றொடர். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது இதனாலேதான். களிமண் ஏட்டில் பிறந்த எண், ஈராயிரம் ஆண்டு நடந்து, தமிழ்க் கணிதன் நாவில் வந்து தங்கியது!

அந்தக் கணிதனை நேரில் கண்டு எழுதியவர் ஜான் வாரன். சென்னை வானோக்கு நிலையத்தில் பணியாற்றிய இவர் 1825இல் 'காலசங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டியதை அதில் விவரித்தார். ஏடும் எழுதுகோலும் இல்லை. எனினும் கிரகணத்தின் தொடக்கத்தில் நேர்ந்த பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. 1952இல் ஓட்டோ நொய்கபவர் என்ற அறிஞர் இதனை ஆராய்ந்து, பாபிலோனிய, கிரேக்கக் கணித முறைகள் தமிழரிடம் உயிரோடு நின்றதற்கு இதைச் சான்றாக்கினார்.

வியக்கத்தக்க செய்திதான். ஆனால் வாரன் இன்னொன்றையும் குறித்தார்: அக்கணிதருக்கு நினைவாற்றல் அபாரம், வானியலின் கோட்பாடோ தெரியாது. சோழியை எங்கே வைப்பது என்று அறிந்தவர், ஏன் வைக்கிறோம் என்று அறியாதவர்! குற்றம் அவருடையதன்று. விடையைக் கற்பித்து வினாவைக் கற்பிக்காத ஒரு மரபின் குற்றம் அது.

இதே யவன அறிவைப் பெற்ற பிறர் என்ன செய்தனர்? 9ஆம் நூற்றாண்டுப் பாக்தாதில் கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க மருத்துவன் கேலனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தார். இரு நூற்றாண்டுக்குள் இப்னுல் ஹைதம், கிரேக்கப் பேராசானான தாலமியின் மீதே ஐயங்களை அடுக்கித் தனி நூல் எழுதினார். போற்றிப் பெற்ற நூலின் மேலேயே கேள்வி எழுப்பும் துணிவு அங்கே பிறந்தது. 1175இல் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோவில் கிரமோனா ஜெரார்டு தாலமியின் நூலை அரபியிலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்து முடித்தார். தொட்டவரெல்லாம் தம் பங்கைச் சேர்த்தனர்.

நம்மிடையேயும் ஐயுற்றவர் இருந்தனர். கிரகணம் நிழலால் நேர்வது என்று 499இல் ஆரியபட்டர் எழுதினார். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் நோக்கி, பழைய எண்களைத் திருத்தி 1431இல் திருக்கணிதம் வகுத்தார். கேரளத்து நீலகண்ட சோமயாஜி தமிழ்நாட்டுச் சுந்தரராஜரின் வினாக்களுக்கு விடை எழுதினார். ஆயினும் அந்த வினாவும் விடையும் வடமொழி கற்ற சிறு வட்டத்துள்ளேயே சுழன்றன. வெளியே நின்ற உழவனுக்கும் கூலிக்கும் எட்டியது யாது? ராகு விழுங்கும் கதை! உண்மை அறிந்தும் பிரமகுப்தர் ராகு கதைக்கு இடங்கொடுத்ததை 1030 அளவில் அல்பிரூனி கடிந்தெழுதினார். அறிந்தவர் வாய்மூடினால் அறியாதவர் தலையில் விழும் சுமை எத்தகையது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அந்தச் சுமையைத் தலையில் ஏற்றி வந்தவர்களே மலையகத்து மக்கள். புதுச்சேரியில் சோழிகள் பரப்பப்பட்ட அதே 1820களில் தென்னாட்டு ஏழைத் தமிழர் கோப்பிக் காடுகளுக்குக் கடல் கடந்து வரலாயினர். 1867க்குப் பின் தேயிலை வந்தது. அவர்களுக்கு வாய்த்த ஓரை எது? விடியலில் பெரட்டுக்கு அழைத்த தப்பின் ஓசை. நேரம் தவறியவனுக்குக் கங்காணி போட்ட அரைப்பேர். வயிற்றுப்பாட்டின் நேரத்தைத் துரை குறித்தான்; வாழ்வின் நேரத்தைப் பஞ்சாங்கம் குறித்தது. 'ஏன்?' என்ற கேள்வி இரண்டிடத்தும் தடுக்கப்பட்டிருந்தது. "எல்லாம் தலைவிதி" என்ற சொல் யாருக்குப் பயன்பட்டது என்று நாம் கேட்க வேண்டாமா?

கல்வியின் கதவும் தாமதமாகவே திறந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. கொழுந்தெடுக்கும் கைகள் எழுத்தெடுப்பதில் அவர்களுக்கென்ன அக்கறை? 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுங்கியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. இன்றும் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போதிய ஆசிரியர் இல்லை.

பஞ்சாங்கத்தைக் கொளுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதைப் படியுங்கள் என்கிறோம். கிழமை வரிசையை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, மாணவரையே எண்ணச் சொல்லட்டும். 248 நாள் கணக்கை வைத்துச் சந்திரனின் ஓட்டத்தை விளக்கட்டும். வாக்கியமும் திருக்கணிதமும் சில வேளை ஒரே திருநாளுக்கு இருவேறு நாள் குறிப்பதேன் என்று வகுப்பிலே விவாதம் நடக்கட்டும். பாபிலோனியனும் கிரேக்கனும் அரபியனும் தமிழனும் சேர்ந்து வளர்த்த அறிவு இது என்று தெரிந்த பிள்ளை, இனச் செருக்குக்கும் இரையாக மாட்டான். தலைவிதிக்கும் பணிய மாட்டான்.

அறிவை அன்னியரிடம் வாங்கியதில் இழிவு இல்லை. வாங்கிய அறிவின் காரணத்தைப் பூட்டிவைத்து, பலனை மட்டும் பாமரனுக்கு விற்றதே இழிவு. அந்தக் காரணத்தைக் கேட்கும் உரிமை அட்டன் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கும் உண்டு. அவ்வுரிமை கைவரும் நாளே மலையகத்துக்கு நல்ல நாள். அதற்கு ஓரை பார்க்க வேண்டியதில்லை.