வேரின் காவலும் செடியின் ஆற்றலும்

வேரைச் சூழ்ந்த மண்ணில் பற்றீரியாக்கள் செறிந்து வாழ்கின்றன. அம்மண்ணுக்கு 'வேர்மண்டலம்' எனப் பொருள்படும் பெயரை 1904ஆம் ஆண்டில் இட்டவர் ஜேர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ற்னர். அப்பற்றீரியாக்களுட் சில பயிரின் வளர்ச்சியைத் தூண்டுவன என்பதை, 1978இல் அமெரிக்க அறிஞராகிய கிளோப்பரும் ஷ்ரோத்தும் முள்ளங்கிச் செடியிற் காட்டினர். சில, நோயையும் தடுத்தன.

எவ்வாறு தடுத்தன? மண்ணிலுள்ள இரும்பைக் கவர்ந்தும் நச்சுப் பொருள்களைச் சுரந்தும் அவை நோய்க்கிருமியை ஒடுக்குகின்றன என்பதே முதலிற் கூறப்பட்ட விடை. அது பொய்யன்று; ஆயினும் முழுமையானதன்று. கள்வனை விரட்டியவன் காவலனா, வீட்டுக்காரனா என்று அறிய வேண்டுமாயின், காவலனும் கள்வனும் சந்தியாதவாறு செய்தல் வேண்டுமன்றோ?

1991இல் அவ்வாறே செய்தனர். ஒல்லாந்தில் வான் பேர் என்பாரும் அவர்தம் துணைவரும் கார்னேசன் செடியின் வேரிற் பற்றீரியாவை இட்டு, வாடல்நோய்ப் பங்கசைத் தண்டிற் செலுத்தினர். இரண்டும் சந்திக்கவில்லை, நோயோ குறைந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் வெள்ளரியிலும், சுவீடனிற் போஞ்சியிலும் இத்தகைய முடிவே கிடைத்தது. தூண்டியது பற்றீரியா, எதிர்த்தது செடியே என்பது தெளிவாயிற்று.

ஓர் ஐயம் எஞ்சியது. புகையிலையின் ஓரிலையில் வைரசு தாக்கினால் ஏனைய இலைகளும் எதிர்ப்பாற்றல் பெறும் என்று 1961இல் ரோஸ் என்பவர் காட்டியிருந்தார். இதுவும் அதுதானோ? அவ்வாற்றலுக்குச் சலிசிலிக் அமிலம் இன்றியமையாதது. அவ்வமிலத்தைத் தேக்கிவைக்க இயலாத அரபிடொப்சிஸ் என்னும் சிறு செடியிலும் வேர்ப்பற்றீரியா எதிர்ப்பைத் தூண்டியது என 1996இல் ஒல்லாந்து அறிஞர் பீற்றர்ஸ் குழுவினர் கண்டனர். ஜஸ்மோனிக் அமிலமும் எதிலீனும் உணர்த்தும் வழியே இங்கு வேண்டப்படுவது என 1998இல் நிறுவினர். ஆகவே வழி வேறு.

பற்றீரியாவின் நகரிழைப் புரதம் முதலிய அடையாளங்களை வேர் உணர்கிறது. அவ்வுணர்வு இலைவரை எட்டுகிறது. செடி உடனே தன் படைக்கலம் அனைத்தையும் எடுத்துச் செலவிடுவதில்லை. பகை வந்தபின் விரைந்தெழுமாறு ஆயத்தமாக நிற்கிறது. வீண்செலவு இல்லை. எனினும் இஃது எல்லா நோய்க்கும் மருந்தன்று. எல்லாப் பற்றீரியாவும் எல்லாச் செடியையும் தூண்டுவதுமில்லை. வயலில் இதனைப் பயன்படுத்துவோர் மறத்தற்கரிய உண்மை இது.

முதல் விடை பொருத்தமாயிருந்தும் அதனோடு அமையாது மீண்டும் வினவியவரே செடியின் ஆற்றலைக் கண்டனர். மாணவர் இவ்வரலாற்றிற் கற்க வேண்டுவதும் அதுவே.