சொந்த லாரி ஓட்டுநர் – பெருநிறுவனக் கூட்டு (அமெரிக்கா)

அமெரிக்காவில் சொந்தமாக ஓர் இழுவை லாரி வாங்கித் தானே ஓட்டுபவர், பெரிய சரக்கு நிறுவனம் ஒன்றிடம் லோடும் டிரெய்லரும் பெற்றுத் தொழில் செய்யும் ஏற்பாடு. லாரிக் கடன், டீசல், டயர், பழுதுச் செலவு எல்லாம் ஓட்டுநருடையவை. வாடிக்கையாளரைப் பிடிப்பதும் டிரெய்லர் தருவதும் நிறுவனத்தின் வேலை. விஸ்கான்சின் மாநிலத்து கிரீன் பே நகரின் ஷ்னைடர், புளோரிடாவின் ஜாக்சன்வில்லைச் சேர்ந்த லேண்ட்ஸ்டார் ஆகியவை இம்முறைக்குப் பெயர்பெற்றவை. லேண்ட்ஸ்டாரின் சரக்கைப் பெரும்பாலும் பிறருடைய லாரிகளே இழுக்கின்றன.

இதன் வேர் 1935ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் கூலிக்குச் சரக்கு ஏற்ற அன்று மத்திய ஆணையத்தின் உரிமம் வேண்டும். அது எளிதில் கிடைக்காது. வேளாண் விளைபொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. காய்கறி ஏற்றிப் போனவர் திரும்பும்போது தொழிற்சாலைச் சரக்கை ஏற்ற நினைத்தால், உரிமமுள்ள நிறுவனத்துக்குத் தன் லாரியைக் குத்தகைக்கு விட்டாக வேண்டும். 1980 ஜூலை 1 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் உரிமத் தடையைப் பெரிதும் தளர்த்தியது. ஆனாலும் குத்தகை முறை மறையவில்லை. உரிமம் கிடைத்தாலும் ஒற்றை லாரிக்காரருக்கு நிலையான லோடு கிடைப்பது அரிது. பொதுச் சரக்குக்கே குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியம் தனியாளை நெரிக்கும். குத்தகைக்கு விட்டால் நிறுவனத்தின் உரிமமும் காப்பீடும் அவர் லாரிக்குப் பொருந்தும். தன் சொந்த உரிமத்தை வைத்துக்கொண்டே நிறுவனத்தின் டிரெய்லரை மட்டும் இழுப்பவர்களும் உண்டு. இவர்களின் முறைக்கு ‘பவர் ஒன்லி’ என்று பெயர்.

இக்கூட்டில் பலரும் குறைத்து மதிப்பிடுவது டிரெய்லரைத்தான். அதன் அருமை நேரக் கணக்கில் தெரியும். ஓட்டுநர் நாளில் 11 மணி நேரமே வண்டி ஓட்டலாம். அதுவும் பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். கிடங்கு வாசலில் காத்திருந்தாலும் அந்த 14 மணிக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லாரிகளில் மின்னணுக் கருவி இதைப் பதிவு செய்வதால், தாளில் நேரத்தைச் சரிக்கட்ட வழியில்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் டிரெய்லர்களை நிறுத்திவைக்கும் வசதி பெருநிறுவனத்துக்கே உண்டு. கொண்டுவந்த 53 அடிப் பெட்டியைக் கழற்றி விட்டு, ஏற்கெனவே சரக்கேற்றி நிற்கும் இன்னொன்றை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் உடனே புறப்படலாம். லாரியைப் பின்னோக்கி விட்டு, டிரெய்லரின் இணைப்பு முளையான கிங்பின் லாரியின் பூட்டில் விழுந்ததும் மெல்ல முன்னே இழுத்துப் பார்க்கிறார். இறங்கி டார்ச் அடித்துப் பூட்டைச் சரிபார்க்கிறார். காற்றுக் குழாய்களையும் விளக்கு ஒயரையும் மாட்டி, தாங்குகால்களைச் சுற்றி உயர்த்துகிறார். அப்படியே டயர்களையும் சுற்றிப் பார்த்தாக வேண்டும். யாரோ விட்டுப்போன டிரெய்லரின் தேய்ந்த டயருக்காகச் சாலைச் சோதனையில் வண்டி நிறுத்தப்பட்டால், வீணாவது இவருடைய நாள்.

கூலி இரண்டு விதம்: ஓடிய மைலுக்கு இவ்வளவு, அல்லது லோடு வாடகையில் இத்தனை சதவீதம். 2,000 டாலர் லோடுக்கு 65 சதவீதம் என்றால் 1,300 டாலர். டீசல் விலை ஏற்றத்துக்கான கூடுதல் கட்டணம் தனி. சொந்த டிரெய்லர் கொண்டுவருபவருக்குப் பொதுவாகச் சதவீதம் கூடும். வாரக் கணக்குத் தாளில் மொத்தத் தொகைக்குக் கீழே பிடித்தங்கள் வரிசையாக நிற்கும்: டீசல் அட்டை, லாரிக்கான காப்பீடு, பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, சில இடங்களில் டிரெய்லர் வாடகை. காலியாக ஓடிய மைலுக்குக் காசு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் முதலில் தேடிப் படிப்பவரே விவரமானவர்.

இத்தகைய கணக்குத் தாள்களில் நேர்ந்த முறைகேடுகள்தான் 1979இல் குத்தகை விதிகளைக் கொண்டுவரச் செய்தன. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். உரிய ஆவணங்களைக் கொடுத்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும். சதவீதக் கூலி என்றால் வாடகைச் சீட்டின் நகலை ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும். வைப்புத்தொகைக்கு வட்டி உண்டு. ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் அதைத் திருப்ப வேண்டும். நிறுவனத்திடமே டீசலோ காப்பீடோ வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது. நல்ல விதிகள், ஆனால் மீறலை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் தனி ஓட்டுநரின் தலையில் விழுகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் தோன்றிய சொந்த லாரி ஓட்டுநர் சங்கம் இவ்விதிகளை வைத்துப் பல வழக்குகள் நடத்தியது.

சொந்த லாரி ஓட்டுநர் முதலாளியா, தொழிலாளியா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. குத்தகைக் காலம் முழுக்க லாரியின் கட்டுப்பாடு நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்கிறது விதி. அதனாலேயே அவர் ஊழியர் ஆகிவிடமாட்டார் என்றும் அதே விதி சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நியூ பிரைம் நிறுவனத்துக்கு எதிரான ஒலிவேரா வழக்கில், சுயதொழில் ஒப்பந்தத்தில் இருக்கும் லாரி ஓட்டுநர்களையும் கூட்டாட்சி நடுவர் சட்டத்தைக் காட்டித் தனியார் நடுவரிடம் தள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கலிபோர்னியா இயற்றிய ஏபி 5 சட்டம், சுயதொழில் செய்பவர் என்று ஒருவரைக் காட்டுவதைக் கடினமாக்கியது. அதை எதிர்த்து 2022 ஜூலையில் ஓக்லாந்து துறைமுக வாயில்களை மறித்தவர்களே லாரி உரிமையாளர்கள்தாம். சுதந்திரம் போய்விடும் என்பது அவர்கள் அச்சம்.

லாரியையும் நிறுவனமே தவணைக்குத் தரும் ‘லீஸ் பர்ச்சேஸ்’ இக்கூட்டின் மிக ஆபத்தான வடிவம். லோடு கொடுப்பவரும் தவணை பிடிப்பவரும் ஒருவரே. லோடு குறைந்தாலும் தவணை குறையாது. விலகினால் அதுவரை கட்டிய பணமும் லாரியும் போகும். இதை ஆராய அமைக்கப்பட்ட கூட்டாட்சிப் பணிக்குழு, 2025 ஜனவரி அறிக்கையில், இத்தகைய திட்டங்களைத் தடை செய்யுமாறு காங்கிரசுக்குப் பரிந்துரைத்தது.