யாருடைய முதுகு வளையப் பிறந்தது?

‘அவங்களுக்குக் குனிஞ்சு குனிஞ்சு பழக்கம், வலிக்காது.’ வயல் வேலை, துப்புரவு வேலை என்று பேச்சு வந்தால் இந்த வாக்கியத்தை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். படித்தவர்களும் சொல்வார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகள் இதையே சொல்லித்தான் கூலித் தொழிலாளர்களின் முதுகை உடைத்தார்கள். அங்கே அந்த வாக்கியம் எப்படித் தோற்றது என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு லெட்டூஸ் கீரைக்குப் பெயர்போனது. விதைகள் நெருக்கமாக முளைக்கும். வேண்டாத செடிகளைக் கொத்தி எடுத்து இடைவெளி விட வேண்டும். சர்க்கரை பீட் வயலிலும் இதே வேலைதான். இதற்காகத் தொழிலாளர் கையில் கொடுக்கப்பட்டது ஒரு களைக்கொத்து. கைப்பிடி ஒரு முழம் இருக்கும். சிலவற்றில் ஓர் அடிதான். ஸ்பானிய மொழியில் ‘எல் கோர்ட்டிடோ’ என்பார்கள். நம் மொழியில் ‘குட்டையன்’ என்று சொல்லலாம். தொழிலாளர்கள் ‘சாத்தானின் கை’ என்றும் அழைத்தார்கள். இடுப்பிலிருந்து இரண்டாக மடிந்தால்தான் அது மண்ணைத் தொடும். மடிந்தபடியே வரிசை வரிசையாக நாள் முழுக்க நகர வேண்டும்.

அந்த வயல்களில் யார் வேலை செய்தார்கள்? முதலில் சீனர்கள், பிறகு ஜப்பானியர்கள், பிலிப்பினோக்கள், மெக்சிகோக்காரர்கள். 1942 முதல் 1964 வரை ‘பிரசேரோ’ என்ற அரசுத் திட்டத்தின் கீழ் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவே ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆட்கள் மாறினார்கள், சொல்லப்பட்ட நியாயம் மாறவில்லை. 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸ் வர்த்தக சபையின் வேளாண் பிரிவை நடத்திய ஜார்ஜ் கிளமென்ட்ஸ், குனிவதும் குந்துவதும் ஆசியர்களுக்கும் மெக்சிகோக்காரர்களுக்கும் பழக்கமானது, வெள்ளையர் உடம்பு அதற்கு ஒத்துவராது என்று வாதிட்டார். 1960களில் செனட்டர் ஜார்ஜ் மர்ஃபி, மெக்சிகோக்காரர்கள் தரைக்குப் பக்கமாகவே படைக்கப்பட்டவர்கள், அதனால் குனிவது அவர்களுக்கு எளிது என்ற பொருளில் பேசினார். பிறப்பைக் காட்டி வேலையை ஒதுக்கும் இந்தத் தர்க்கத்தை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

உடல் என்ன சொல்கிறது? 1960களில் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாசெம்சன், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால், முன்னால் சாய்ந்து நிற்கும்போது அது ஏறத்தாழ 150. கையில் பாரமும் இருந்தால் 200ஐத் தாண்டும். இன்னொன்றும் உண்டு. முழுவதுமாகக் குனிந்து தொங்கும் நிலையில் முதுகுத் தசைகள் பெருமளவு வேலையை நிறுத்திவிடுகின்றன. அப்போது உடம்பின் பாரத்தை எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்களும் வட்டுகளுமே தாங்குகின்றன. மணிக்கணக்கில் இழுபட்டால் அந்த நார்கள் தளர்ந்துபோகும். பழைய நிலைக்குத் திரும்ப நேரமாகும். ஆகவே முதுகு நன்றாக வளைகிறது என்பதற்காக அது நாள் முழுக்கத் தாங்கும் என்று அர்த்தமில்லை. யோகா வகுப்பில் குனிபவர் நினைத்தபோது நிமிரலாம். வயலில் குனிந்தவருக்கு அந்த உரிமை கிடையாது. முதுகைக் கெடுப்பது குனிவதைவிட நிமிர முடியாமல் குனிந்தே கிடப்பதுதான்.

நிமிர ஏன் விடவில்லை? செடிக்கு அருகில் கண் இருந்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும், நீளக் கைப்பிடி பயிரைக் கெடுக்கும் என்று முதலாளிகள் சொன்னார்கள். தொழிலாளர்கள் வேறு காரணம் சொன்னார்கள். குட்டைக் கைப்பிடியோடு வேலை செய்பவர் நிமிர்ந்தால் வேலை நின்றுவிட்டது என்று பொருள். மேஸ்திரி வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், யார் நிமிர்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்த வயலில் நேரான முதுகே குற்றத்துக்குச் சாட்சி.

பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய சீசர் சாவேஸ் இந்தக் கருவியோடு உழைத்தவர். தன் தீராத முதுகுவலிக்கு அதையே காரணமாகச் சொன்னவர். சலினாஸ் தொழிலாளர்கள் தங்கள் பகுதியிலிருந்த இலவச சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர் மோ ஜோர்டேனிடம், முதலில் இந்தக் கருவியை ஒழியுங்கள் என்று கேட்டார்கள். 1972இல் மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறையிடம் மனு போனது. மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். தொழிலாளர்களும் தங்கள் முதுகைப் பற்றித் தாங்களே பேசினார்கள். 1973இல் மனு தள்ளுபடியானது. ‘ஆபத்தான கருவி’ என்றால் பழுதடைந்த கருவி மட்டுமே, இது நன்றாகத்தானே இருக்கிறது என்றது துறை. 1975 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு கருவியை எப்படிப் பயன்படுத்த வேண்டுமோ அப்படிப் பயன்படுத்தும்போதே அது உடம்பைக் கெடுக்கிறது என்றால், அதையும் ஆபத்தான கருவி என்ற விதிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் குட்டைக் களைக்கொத்து தடை செய்யப்பட்டது.

லெட்டூஸ் விவசாயம் அழிந்துவிடவில்லை. அமெரிக்காவில் விளையும் லெட்டூஸில் பெரும்பங்கு இன்றும் கலிபோர்னியாவிலிருந்துதான் வருகிறது. ஆனால் முதலாளிகளில் சிலர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கொத்து கூடாது என்றால் வெறும் கையால் பிடுங்கு என்றார்கள். முதுகு மறுபடியும் மடிந்தது. கையால் களையெடுக்க வைப்பதைக் கட்டுப்படுத்தும் விதி 2004இல்தான் வந்தது. அதிலும் இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். ‘நஞ்சில்லா உணவு’ என்று நாம் வாங்குவதற்குப் பின்னால் யாருடைய முதுகு இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நாற்று நடுவது, களை எடுப்பது, குட்டைத் துடைப்பத்தால் தெருக் கூட்டுவது என்று நாளெல்லாம் குனியும் வேலைகளில் யார் இருக்கிறார்கள் என்று சேரிகளில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். பெரும்பாலும் பெண்கள். நின்றபடி தள்ளும் கோனோவீடர் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. துடைப்பத்துக்கு நீளக் கம்பு கட்ட அறிவியல் எதுவும் தேவையில்லை. ஆனாலும் குட்டைத் துடைப்பம் போகவில்லை. முகாம்களில் முதுகுவலி என்று வரும் அக்காக்களுக்கு, ‘நேரா உட்காருங்க, குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க’ என்று அறிவுரை கிடைக்கிறது. கூடவே ஒரு பட்டை மாத்திரை. குனியாமல் இருந்தால் அன்றைய கூலி யார் தருவார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள்.

சலினாஸ் தொழிலாளர்கள் தங்கள் முதுகுக்கு மருந்து கேட்கவில்லை. கைப்பிடியின் நீளத்தைக் கேள்வி கேட்டார்கள். நம் ஊராட்சியில், நகராட்சியில், வயலில் நாம் கேட்க வேண்டியவையும் இவைதான்: துடைப்பத்தின் கம்பு எவ்வளவு நீளம்? எத்தனை மணி நேரம் குனிய வேண்டும்? நடுவில் நிமிர்ந்தால் யார் திட்டுகிறார்கள்? முதுகுவலி பற்றிய விசாரணை இங்கிருந்து தொடங்கட்டும்.