நாய்கள் மிகையாக நக்குதல்: மருத்துவ வரலாறு

வளர்ப்பு நாய் தன் பாதத்தையோ, தரை, மெத்தை, சுவர் போன்றவற்றையோ ஓயாமல் நக்குவது மிகையாக நக்குதல் எனப்படுகிறது. வெண்மயிர் கொண்ட சிறு இனங்களில் இது எளிதில் தெரிந்துவிடும். உமிழ்நீரிலுள்ள போர்பைரின் என்னும் நிறமி பாதமயிரைச் செம்பழுப்பாக்கிவிடுகிறது. கெட்ட பழக்கம் என்று வீடுகளில் அதட்டி அடக்கப்படும் இச்செயலுக்குப் பின்னால் நோய் இருக்கக்கூடும் என்பதை மருத்துவம் படிப்படியாகவே கண்டுகொண்டது.

பண்டைக் காலத்தில் நாயின் நாக்கு மருந்தாகவே மதிக்கப்பட்டது. கிரேக்கத்தின் எபிடாரசில் மருத்துவக் கடவுள் அஸ்க்ளேபியசுக்குக் கோயில் இருந்தது. அங்குக் கிடைத்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஏஜினாத் தீவுச் சிறுவன் ஒருவனின் கழுத்துக் கட்டியைக் கோயில் நாய் நக்கிக் குணமாக்கியதாகக் கூறுகிறது. லைசன் என்ற பார்வையற்ற சிறுவனும் அவ்வாறே பார்வை பெற்றானாம். இவை பக்தர் கூற்றுகள்தாம். எனினும் நாயின் உமிழ்நீர் சிலவகைப் பாக்டீரியாக்களைக் கொல்வதை 1990இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதற்காக மனிதரின் புண்ணை நக்கவிடுவது தவறு. நாயின் வாயில் இயல்பாக வாழும் கேப்னோசைட்டோஃபேகா என்னும் நுண்ணுயிர் மனிதரின் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது 1976 முதல் அறியப்பட்டுள்ளது.

ஒரே இடத்தைத் தொடர்ந்து நக்கினால் நாயின் காலில் ஆறாப் புண் உண்டாகும். இது பெரிய இனங்களிலேயே மிகுதி. கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டுவது பழைய தீர்வு. பட்டையைக் கழற்றியதும் பல நாய்கள் மீண்டும் நக்கத் தொடங்கிவிடும்.

திருப்பம் மனநல மருத்துவத்திலிருந்து வந்தது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஜூடித் ராப்பபோர்ட், ஓயாமல் கைகழுவும் எண்ணச்சுழற்சி நோய் குறித்து 1989இல் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டவர். அந்நோய்க்குரிய குளோமிப்ரமின் முதலிய மருந்துகள் நாய்கள் நக்குவதையும் குறைப்பதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்டனர். செரட்டோனினைச் சார்ந்து செயல்படாத டெசிப்ரமின் அவ்வாறு உதவவில்லை. இதன்பின் நாயின் செயலை மனிதரின் கைகழுவலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் வலுப்பெற்றது. 1998இல் குளோமிப்ரமின் அமெரிக்காவில் நாய்களுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஆனால் அந்த ஒப்புதல் பிரிவுப் பதற்றத்திற்கே; நக்குவதற்கு அன்று.

எல்லாவற்றையும் மனத்தின் மீது ஏற்றும் போக்கை 2012இல் மாண்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வு அசைத்தது. தரை, சுவர் முதலியவற்றை நக்கிய 19 நாய்களைச் சோதித்தபோது 14 நாய்களுக்கு இரைப்பை, குடல் கோளாறு இருந்தது. அதற்குச் சிகிச்சை அளித்ததும் பெரும்பாலானவை நக்குவதைக் குறைத்தன. வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர், சிட்சூ போன்ற சிறு இனங்கள் பாதத்தை நக்குவதற்கோ தோல் ஒவ்வாமையே அடிக்கடி காரணமாகிறது. இதனால் உண்டாகும் அரிப்பைத் தணிக்கும் ஒக்லாசிட்டினிப் மாத்திரை 2013இல் ஒப்புதல் பெற்றது. இப்போது கால்நடை மருத்துவர்கள் தோல், வயிறு, மூட்டுவலி ஆகியவற்றை முதலில் சோதிக்கின்றனர். அவற்றில் குறை இல்லையெனில் மட்டுமே மனநோய் மருந்தைத் தருகின்றனர்.