கடல் கடந்த மணமகள்

மகளிர்க்குப் பிறந்தகம் ஒன்று, புகுந்தகம் ஒன்று என இல்லங்கள் இரண்டு உண்மை யாவரும் அறிந்ததே. புகுந்தகத்தின் கதவு அடைபடின் அவள் நிலை என்னாகும்? ஒரு தேசமே கதவடைத்து நிற்ப, காத்திருந்து புகுந்து, அங்கேயே நெடிது வாழ்ந்த ஒரு பெண்மணியின் சரிதத்தை நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு ஈண்டுக் கூற விழைகின்றோம்.

1945-ஆம் ஆண்டு ஜப்பான் போரில் தோற்றுப் பணிந்தது. மறு ஆண்டு ஆஸ்திரேலியப் படை, ஹிரோஷிமாவுக்கு அணித்தாகிய குரே என்னும் துறைமுகத்தில் வந்து தங்கியது. அந்நாட்டாரோடு போர்வீரர் உறவாடலாகாது என்பது படையின் கட்டளை. ஆயினும் கார்டன் பார்க்கர் என்னும் இளம் வீரர், முகாமில் வேலை பார்த்த நொபுகோ சகுராமோட்டோ என்னும் நங்கையைக் கண்டு காதலித்து மணந்தார். சகுரா என்பது ஜப்பானியர் போற்றும் செர்ரி மலரின் பெயர். ஆதலின் அவ்வம்மையார் செர்ரி பார்க்கர் என வழங்கப்பெற்றார்.

மணம் முடிந்தும் மனைவியைத் தம் நாட்டுக்கு அழைத்துச் செல்ல அவ்வீரரால் இயலவில்லை. வெள்ளையரல்லாதார் குடியேறுதலைத் தடுத்தற்கு ஆஸ்திரேலியாவில் 1901-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்திருந்தது. அதன்மேற் போரின் புண்ணும் ஆறவில்லை. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 22,000 பேர். அவருள் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சயாம்–பர்மா ரயில் பாதையில் அவரோடு, மலேயாத் தோட்டங்களினின்று கொண்டு செல்லப்பட்ட தமிழரும் பல்லாயிரவர் மடிந்தமையை நாம் மறந்திலோம். ஆகவே அம்மக்களின் வெறுப்பைக் காரணமற்றது என்று யாம் கூறோம். ஆனால் அக்கொடுமைக்கும் இப்பெண்ணுக்கும் யாது தொடர்பு?

இவ்வினாவையே பார்க்கர் குடும்பத்தார் துரைத்தனத்தார் முன் வைத்தனர். மனைவியும் பெண்மக்கள் இருவரும் ஜப்பானிற் காத்திருக்க, கார்டனும் அவர்தம் பெற்றோரும் விடாது முயன்றனர். 1952 மார்ச்சு மாதத்தில், குடியேற்ற மந்திரியாகிய ஹெரால்டு ஹோல்ட் அனுமதி அளித்தார். அவ்வாண்டே செர்ரி அம்மையார், போர் மணமகளாய் ஆஸ்திரேலியா புகுந்த ஜப்பானிய மகளிருள் முதல்வராய் மெல்போர்ன் நகரை அடைந்து, அதனையடுத்த ரிங்வுட் என்னும் ஊரிற் குடிபுகுந்தார். அவர் திறந்த வழியே பின்னர் ஏறத்தாழ 650 மணமகளிர் சென்றனர்.

முதற்கண் அவர்க்கு அளித்த அனுமதி ஐந்தாண்டுக்கே. பிரஜா உரிமை பின்னரே வந்தது. அம்மகளிருட் பலர் ஆங்கிலப் பெயர் பூண்டனர். பிறர் ஏளனத்துக்கு அஞ்சித் தம் மக்களிடத்தும் தாய்மொழியை அடக்கினர். இஃது அவர் கொடுத்த விலை. எவரும் கணக்கில் எழுதாத விலை. 1973-இல் அந்நாட்டின் நிறவேற்றுமைக் கொள்கை முற்றும் நீங்கிற்று. அதற்கு இருபது ஆண்டுகட்கு முன்னரே அவர்கள் அயலாரோடு அயலாராய் வாழ்ந்து காட்டியிருந்தனர்.

ஈண்டு யாம் கருதுவது ஒன்றே. அரசாங்கம் கதவைத் திறந்தது 1952-இல். மாமனார் இல்லம் அதற்கு முன்னரே திறந்திருந்தது. அவ்வில்லம் திறவாதிருந்தால் சட்டமும் திறந்திராது. நம் பிள்ளைகளும் இன்று பல நாடுகளில் வாழ்கின்றனர். வேற்று மரபினளாய் ஒரு மருமகள் நம் வாயிலில் வந்து நிற்பாளாயின், அவளுடைய குலத்தாரின் குற்றத்தை அவள்மேல் ஏற்றுவோமா, அன்றி, வருக என்று விளக்கேற்றுவோமா? நம் குடும்பங்கள் சிந்திக்க.