கணிதத்தில் ‘வெளிப்படை’: ராமானுஜனின் 1911-ஆம் ஆண்டு எழுத்துகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பிளஸ் டூ கணிதத்தில் எல்லா மாறிகளும் பூச்சியமாகும் விடையை ‘வெளிப்படைத் தீர்வு’ என்கிறோம். அது வெறும் பெயர். யாரையும் எதையும் மதிப்பிடுவதில்லை. நிரூபணத்தின் நடுவே “இது வெளிப்படை” என்று எழுதுவது வேறு வகை. படிப்பவர் இந்தப் படியைத் தாமே நிரப்பிக்கொள்வார் என்று எழுதியவர் அங்கே உறுதியளிக்கிறார். அந்த உறுதி எப்போது செல்லும் என்பதே இங்கு கேள்வி.

இதற்கு நல்ல சான்று பெங்களூரில் இருக்கிறது. அங்குள்ள சென்ட்ரல் கல்லூரியின் பேராசிரியர் எம். டி. நாராயண அய்யங்கார், 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழின் ஆசிரியர். பட்டம் பெறாத 23 வயது ராமானுஜனின் எழுத்துகள் அவர் கைக்குத்தான் வந்தன.

2. கேள்வி 289

அவ்வாண்டு இதழில் ராமானுஜன் ஒரு கணக்குக் கேட்டார்: √(1+2√(1+3√(1+4√(1+…)))) எவ்வளவு? மூன்று இதழ்கள் வந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3.

வழி எட்டாம் வகுப்பு மாணவருக்கும் எட்டும். ஓர் எண்ணின் முன்னெண்ணையும் பின்னெண்ணையும் பெருக்கி 1 கூட்டினால் அதன் வர்க்கம் வரும். ஆகவே 3 = √(1+2×4); அந்த 4 = √(1+3×5); அந்த 5 = √(1+4×6). இப்படியே அவிழ்த்துக்கொண்டு போகலாம்.

பார்த்த பிறகு எளிது. பார்ப்பதற்கு முன் ஆறு மாதம் ஒருவருக்கும் எட்டவில்லை. சரிபார்ப்பது எளிது என்பதும் கண்டுபிடிப்பது எளிது என்பதும் வேறு வேறு. ‘வெளிப்படை’ என்ற சொல் முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். அதை இரண்டாவதற்கும் நீட்டும்போதுதான் வகுப்பறையில் பிள்ளைகள் மனம் உடைகிறார்கள். ஆசிரியர்கள் இதைக் கவனித்தே தீர வேண்டும்.

ஆனால் இந்தத் தீர்விலேயே சொல்லப்படாத ஒரு படி இருக்கிறது. 4-ஐயும் இதே போல் அவிழ்க்கலாம்: 4 = √(1+2×7.5), 7.5 = √(1+3×18.41…). முடிவில்லாமல் போனால் கண்ணுக்குத் தெரிவது அதே கோவைதான்! அப்படியானால் விடை ஏன் 4 இல்லை? கோவையை இடையில் வெட்டிக் கணக்கிட்டால் 1.732, 2.236, 2.560, 2.755 என்று மதிப்பு 3-ஐ நோக்கி ஏறுகிறது. 3-ஐ அவிழ்க்கும்போது எஞ்சும் வால் மெல்ல வளர்கிறது, வெட்டினாலும் பாதகமில்லை. 4-இன் வாலோ அசுர வேகத்தில் பெருத்து, வெட்டவே விடுவதில்லை. இந்த வேறுபாட்டை நிறுவிய பிறகே 3 என்பது விடையாகும்.

இத்தகைய கோவைகள் எப்போது ஒரு மதிப்பில் நிலைக்கும் என்பதைத் தெளிவாக்கியவர் இன்னொரு தமிழர், டி. விஜயராகவன். √(அ+√(ஆ+√(இ+…))) என்ற வடிவில் முதல் உறுப்பின் வர்க்கமூலம், இரண்டாவதன் 4-ஆம் மூலம், மூன்றாவதன் 8-ஆம் மூலம் என்று எடுத்துக்கொண்டே போனால் அவை ஒரு வரம்புக்குள் அடங்க வேண்டும், அடங்கினால் போதும். 1927-இல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பில் இது குறிப்பாக இடம்பெற்றது. முடிவிலி நுழையும் இடத்தில் ‘வெளிப்படை’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

3. ஆசிரியரின் மேசை

ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை பெர்னூலி எண்களின் பண்புகளைப் பற்றியது. அதே கணிதக் கழக இதழில் 1911-இல் வந்தது. நடை மிகச் சுருக்கம், வழக்கமான வாசகரால் தொடர முடியவில்லை என்பது நாராயண அய்யங்காரின் கவலை. கையெழுத்துப் படியைத் திருத்தத்துக்குத் திருப்பியனுப்பினார். அதைத் தடை என்று சிலர் எண்ணலாம். வாசகர் பக்கம் நின்று அவர் செய்த பேருதவி என்றே நான் கருதுகிறேன்.

காரணம் கட்டுரையிலேயே உண்டு. இரட்டை வரிசையிலுள்ள பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதி பகா எண்ணாகும் என்று அதில் ராமானுஜன் எழுதியிருந்தார். 12-இல் 691, 16-இல் 3617, 18-இல் 43867: எல்லாம் பகா எண்கள். 20-இல் வருவது 174611. அது 283×617.

4. பூச்சியங்கள்

ரீமான் ஜீட்டா சார்புக்கு −2, −4, −6… ஆகிய இடங்களில் பூச்சியங்கள் உண்டு. இவற்றுக்கு ‘வெளிப்படைப் பூச்சியங்கள்’ என்று பெயர். மூன்று முதலான ஒற்றை வரிசைப் பெர்னூலி எண்கள் யாவும் பூச்சியம் என்பதிலிருந்தே இவை கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தொடர்பைக் காண, சார்பை அதன் தொடக்க எல்லைக்கு அப்பால் நீட்டியிருக்க வேண்டும். அது எளிய வேலையன்று. ஆக, ஒன்று வெளிப்படையாவது அதற்கு முன் நிறுவப்பட்டதைப் பொறுத்தது.

பகா எண்களை எண்ணும் சூத்திரத்தில் வெளிப்படைப் பூச்சியங்களின் மொத்தப் பங்கு ஒரு சிறு மடக்கை உறுப்புக்குள் அடங்கிவிடும். மற்றப் பூச்சியங்கள், அதாவது சிக்கலெண் பூச்சியங்கள்தான் எண்ணிக்கையை அலைக்கழிக்கின்றன. ராமானுஜனின் தொடக்ககாலப் பகா எண் கோட்பாடு, சிக்கலெண் பூச்சியங்களே இல்லாதிருந்தால் மட்டும் சரியாக இருந்திருக்கும் என்று கணித அறிஞர் ஹார்டி மதிப்பிட்டார். அவை எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைகின்றனவா என்று 1859-இல் ரீமான் எழுப்பிய கேள்விக்கு இன்றும் நிரூபணம் இல்லை.